கண்ணாடி வார்டு

உண்ணாமலை ஆச்சி பிரசவ விடுதியை யாராவது என் முன்னால் புகழ்ந்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கோபம் என்பது வெளியில் காட்டிக்கொள்வது. உள்ளே இருப்பது வெட்கம். ஏழு வருஷமாக அது குறையவில்லை. புதுக்கோட்டையில் இப்படி ஒரு கட்டடமா என்று வெளியூர்க்காரர்கள் வாய் பிளக்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் நோட்டும் பென்சிலுமாக வந்து படம் வரைந்துகொண்டு போகிறார்கள். பிளான் போட்ட ஆத்மநாதன் நீங்கள்தானா என்று கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். ஆமாம், நான்தான். மூக்காயி விஷயத்திலும் நான்தான். அதை யாரும் கேட்பதில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

1961-ல் எனக்கு வயது இருபத்தொன்பது. சொந்த ஊர் ஆவுடையார்கோவில். சென்னையில் இன்ஜினீயரிங் படித்து, அங்கேயே ஒரு பெரிய கம்பெனியில் மூன்று வருஷம் பிளான் வரைந்துவிட்டு, புதுக்கோட்டைக்கு வந்து கீழராஜ வீதியில் மாடி அறை ஒன்றில் போர்டு மாட்டியிருந்தேன். சமஸ்தானம் போய்ப் பதின்மூன்று வருஷம் ஆகியும் ஊரில் கட்டடம் கட்டுகிறவன் ஒவ்வொருவனும் அரண்மனையை மனதில் வைத்துக்கொண்டுதான் என் மாடிப்படி ஏறுவான். மளிகைக் கடைக்கும் வளைவு வேண்டும். வளைவுக்கு மேலே பூக்கொத்து வேண்டும். கொஞ்சம் காசு மிச்சமிருந்தால் இரண்டு சிங்கம் வேண்டும். இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு சிங்கம் வரைந்தேன். அப்போதெல்லாம் எனக்கு இருந்த ஒரே ஆசை, தூணும் தளமும் கண்ணாடியுமாக, ஒரு பூக்கூட இல்லாமல், ஒரு கட்டடம் கட்டிவிட வேண்டும் என்பதுதான்.

ராயவரத்து உண்ணாமலை ஆச்சி அந்த ஆசையைத் தூக்கி என் கையில் கொடுத்தார். ஆச்சியின் ஒரே மகள் தலைப்பிரசவத்தில் இறந்துபோனவள். மகளுக்கென்று வைத்திருந்ததையெல்லாம் போட்டு, ஏழைப் பெண்கள் வந்து பிள்ளை பெற்றுப் போக ஒரு விடுதி கட்டவேண்டும் என்றார். திருச்சி ரோட்டில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, கொஞ்சம் மேடான மனை. சிங்கம் வேண்டும் என்று ஆச்சி கேட்கவில்லை. தன் பெயரைப் பெரிதாக எழுதச் சொல்லவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ரோட்டுப் பக்கம் சொவர மட்டும் ஒசரமா வச்சிருங்க தம்பி. பொம்பளைக வந்து போற எடம்."

நான் சிரித்தேன். சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் வீட்டில் என் அக்காள்கள் பிள்ளை பெற்ற அறையை நான் பார்த்தவன். ஒரே ஒரு சன்னல், அதிலும் கோணிச்சாக்கு. உள்ளே புகை, ஈரம், இருட்டு. ஆம்பளை நிழல் விழக்கூடாது என்று எங்கள் அப்பாவே நாலு நாளைக்குக் கொல்லைப் பக்கம் போகமாட்டார். அந்த இருட்டுத்தான் பெண்களைக் கொல்கிறது என்று நான் உறுதியாக நம்பினேன். இப்போதும் அதில் பாதியை நம்புகிறேன்.

"இப்பல்லாம் காத்தும் வெளிச்சமும்தான் ஆச்சி பாதி மருந்து. சொவரு வச்சா ரெண்டும் போயிரும்."

ஆச்சி என் வரைபடத்தைக் குனிந்து பார்த்தார். அதில் அவருக்கு என்ன தெரிந்திருக்கும்?

"படிச்சவுக நீங்க. நீங்க சொன்னாச் சரிதான்" என்றார்.

அப்படித்தான் அந்தச் சுவர் இல்லாமல் போனது. கட்டடத்தின் பாரம் முழுவதையும் உள்ளே இருந்த தூண்கள் தாங்கிக்கொண்டன. அதனால் ரோட்டைப் பார்த்த முகத்தில் சுவரே தேவைப்படவில்லை. எண்பதடி நீளத்துக்கு, தரையிலிருந்து தளம் வரைக்கும் ஒரே கண்ணாடி வைத்தேன். மேலே வெயில் படாமல் ஆறடி வெளியே நீட்டிய கான்கிரீட் தட்டு. உள்ளே மொசைக் தரை. பிரசவ அறைக்கு மட்டும் பின்பக்கம் சுவர் வைத்துக் கதவு போட்டேன். வார்டு முழுக்க வெளிச்சம். முட்டுக்கொடுத்த சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்த அன்றைக்கு அந்தத் தட்டு தூணே இல்லாமல் அந்தரத்தில் நிற்பதைப் பார்க்க எதிர்ப்பக்கத்து டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். விழும், விழாது என்று பந்தயம் கட்டினார்கள். விழவில்லை. நான் வேட்டி கட்டியிருந்தால் மடித்துக் கட்டிக்கொண்டு ஆடியிருப்பேன்.

1962 தை மாதம் திறப்பு விழா. காலை பத்து மணி. கரண்ட் இன்னும் வந்திருக்கவில்லை. எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பகலில் அந்தக் கண்ணாடி வானத்தையும் எதிர்ப்பக்கத்துப் புளிய மரத்தையும் காட்டும். உள்ளே இருப்பது தெரியாது. நான் வரைந்தது பகலில், கட்டியது பகலில், வந்து பார்த்துப் பூரித்ததும் பகலில். சாயங்காலம் ஆனால் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு நர்ஸ் நடமாடுவார். அதுவும் வெளியே அவ்வளவாகத் தெரியாது.

நர்ஸ் சொர்ணவல்லி நாற்பது வயதுக்காரர். குட்டையான உருவம், கணீரென்ற குரல். சைக்கிள் ஓட்டுவார். விடுதி கட்டிவிட்டால் மட்டும் பெண்கள் வந்துவிட மாட்டார்கள் என்று, ஓய்வு நாளில் அன்னவாசல் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சைக்கிளிலேயே போய் வயிற்றுப்பிள்ளைக்காரிகளைத் தேடிப் பிடிப்பார். சித்தன்னவாசலுக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் மூக்காயியை அப்படித்தான் கண்டுபிடித்தார். மூக்காயிக்கு ஏற்கனவே இரண்டு பிள்ளை, இரண்டும் வீட்டுப் பிரசவத்தில் போய்விட்டன. இது மூன்றாவது. பிள்ளை தலைகீழாகத் திரும்பாமல் காலைக் கீழே போட்டுக்கொண்டிருந்தது. வீட்டில் வைத்துப் பார்த்தால் இதுவும் தங்காது, விடுதிக்கு வந்துவிடு என்று மூன்று முறை போய்ச் சொல்லி, அவள் புருஷன் ராக்கனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. அன்றைக்குக் கேட்டிருந்தாலும் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

பங்குனியில் கரண்ட் வந்தது. வார்டுக்குப் பன்னிரண்டு டியூப் லைட். ஊரில் டியூப் லைட் அப்போது இரண்டு மூன்று பெரிய கடைகளில்தான் உண்டு. விளக்குப் போட்ட அன்று நான் வேறொரு வேலையாக மதுரையில் இருந்தேன். இரண்டு நாள் கழித்துத் திரும்பியதும் விடுதி வாட்ச்மேன் இன்னாசி என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"பொழுது சாஞ்சா டீக்கடையில கூட்டம் தாங்கலீங்க ஐயா. பெஞ்ச இங்கிட்டுத் திருப்பிப் போட்டுக்கிட்டு எல்லாம் நம்ம கட்டடத்தையேதான் பாக்குறாக."

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கட்டடத்தைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறதாம்! சிங்கம் கேட்ட ஊர் கண்ணாடியை ரசிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இன்னாசிக்கு எட்டணா கொடுத்தேன். அவர் என் முகத்தையும் காசையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மடியில் செருகிக்கொண்டார். ஒருவேளை அவர் மேலே ஏதோ சொல்ல நினைத்திருக்கலாம். நான் சைக்கிளில் ஏறிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் போனால், எண்பதடிக் கண்ணாடி முழுக்கச் சேலை! உள்ளே குறுக்கே தேங்காய்க்கயிறு கட்டி, பச்சை, சிவப்பு, அரக்கு, கட்டம் போட்டது, கிழிந்தது, தைத்தது என்று பிள்ளை பெற வந்தவர்களின் சேலையெல்லாம் தொங்கியது. எனக்கு ரத்தம் கொதித்தது.

"என்ன சிஸ்டர் இது? துணி காயப்போட வேற எடமே இல்லையா?"

"காயப்போடலை சார். மறைச்சிருக்கேன்."

"எதை?"

சொர்ணவல்லி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ராத்திரி ஏழு மணிக்கு ஒரு நாளாச்சும் அந்த ரோட்டுல நின்னு பாத்தீங்களா சார்? உள்ள வெளக்கு, வெளிய இருட்டு. துணி விலகுனா விலகுனபடி, புள்ளைக்குப் பால் குடுத்தாக் குடுத்தபடி, அப்படியே தெரியுது. டிக்கெட் இல்லாத சினிமா மாதிரி ஒக்காந்து பாக்குறானுங்க. நேத்து ரெண்டு பேரு பெட்டிய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் புரிந்த அதே நொடியில், தப்பு என்னுடையது என்று ஒத்துக்கொள்ளாமல் இருக்க என்ன வழி என்றுதான் என் புத்தி ஓடியது. பார்க்கிறவன் மேல்தான் தப்பு என்றேன். ஊர் இன்னும் பழகவில்லை என்றேன். ஆறு மாதத்தில் பழகிவிடும் என்றேன்.

"ஆறு மாசத்துல எல்லாரும் ஓடிருவாங்க சார். ஆள் ஒசரத்துக்குக் கண்ணாடியில வெள்ளையாச்சும் அடிச்சுவிடுங்க. மேல வெளிச்சம் வரட்டும். இன்னாசியே அடிச்சிருவாரு, ஒரு மணி நேர வேலை."

நியாயமான பேச்சு. காற்றும் போகாது, வெளிச்சமும் போகாது. அன்றைக்கே ஒரு வாளி சுண்ணாம்பில் முடிந்துபோகிற காரியம். ஆனால் சென்னையிலிருந்து கட்டடங்களுக்கென்றே நடத்துகிற ஒரு பத்திரிகைக்காரர்கள் போட்டோ எடுக்க வருவதாக எனக்குக் கடிதம் வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

"போட்டோ எடுத்து முடிக்கட்டும். மறுநாளே வெள்ளை அடிச்சுத் தர்றேன்" என்றேன்.

"அதுவரைக்கும் சேலை இருக்கும்" என்றார் சொர்ணவல்லி.

சித்திரை ஏழாம் தேதி போட்டோக்காரர் காரில் வந்து இறங்கினார். பகலில் இரண்டு படம் எடுத்தார், உதட்டைப் பிதுக்கினார். "சாயங்காலம் உள்ளே எல்லா விளக்கையும் போடுங்க. வானம் முழுக்க இருட்டறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் கிடைக்கும். அப்பத்தான் உங்க கட்டடம் என்னன்னு தெரியும்" என்றார். அந்தத் துணியெல்லாம் இருக்கக் கூடாது என்பதை அவர் சொல்லவேண்டிய அவசியமே இல்லை.

மூக்காயி அன்று காலையில்தான் வந்து சேர்ந்திருந்தாள். ராக்கன் மாட்டு வண்டியைப் பின்பக்கம் அவிழ்த்துப் போட்டு, வேலியோரம் கல் கூட்டிச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார். நான் அவரைத் தாண்டித்தான் உள்ளே போனேன். எழுந்து நின்று கும்பிட்டார்.

மணி ஆறேகால். சொர்ணவல்லி பிரசவ அறைக்குள் இருந்தார், வேறொரு பெண்ணுக்கு வலி முற்றியிருந்தது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே அந்தப் பெண் கத்துவது கேட்டது. எனக்கு அது நல்ல சமயமாகத் தோன்றியது. இப்படி எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் தோன்றியது.

"இன்னாசி, சேலையெல்லாம் அவுருங்க."

"நர்ஸம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு..."

"அரை மணி நேரம். திரும்பக் கட்டிரலாம்."

இன்னாசி அசையவில்லை. பிள்ளை பெறுகிற இடத்துக்குள் அவர் காலே வைக்கமாட்டார், வாசலோடு சரி. நானே உள்ளே போனேன். ஆறு கட்டிலில் நாலு பெண்கள். ஓர் ஆம்பளை உள்ளே வருவதைப் பார்த்ததும் மூன்று பேர் தலையோடு போர்த்திக்கொண்டார்கள். நான் யாரையும் பார்க்காதவன் போல முடிச்சுகளை அவிழ்த்து, சேலைகளைச் சுருட்டிச் சுருட்டி மூலையில் எறிந்தேன். கடைசிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒருத்தி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கறுத்த, ஒல்லியான பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். அதுதான் மூக்காயி என்று எனக்கு அப்போது தெரியாது. அவள் காலடியில் மொசைக் தரை முழுக்கத் தண்ணீர்.

மண்பானையைக் கவிழ்த்துவிட்டாள் என்று நினைத்தேன். விளக்குப் போட்டால் அந்த ஈரம் பளபளவென்று அடிக்கும், படத்தில் வெள்ளைத் திட்டாக விழும். என் கவலை அது.

"என்னம்மா இது! புதுத் தரையை இப்படியா பண்றது? கண்ணு தெரியலை? தொடை, தொடை, சீக்கிரம்!"

அவள் கம்பியை விட்டுவிட்டு, மெள்ளக் கீழே உட்கார்ந்து, முந்தானையால் துடைத்தாள். அந்த வயிற்றை வைத்துக்கொண்டு, குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து துடைத்தாள். துடைக்கத் துடைக்க இன்னும் ஈரமாகிக்கொண்டே இருந்தது. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிலடியில் விட்டுவிட்டதை விரலால் காட்டினேன்.

"சரி, போதும். கட்டில்ல படுத்துக்க. அசையாத. அசைஞ்சா படம் கெட்டுரும்" என்று சொல்லிவிட்டு விளக்குகளைப் போட்டேன்.

ரோட்டுக்கு ஓடிவந்து திரும்பிப் பார்த்தேன். அழகாக இருந்தது. அதை இப்போதும் மறுக்க முடியவில்லை. வானம் ஊதா நிறத்தில் இருந்தது. அந்தக் கான்கிரீட் தட்டு மெல்லிய கோடாக நிற்க, அதன் கீழே எண்பதடி வெளிச்சம். நான் மனதுக்குள் கட்டியது அதுதான். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. என் முதுகுக்குப் பின்னால் டீக்கடைக் கூட்டம் மொத்தமும் வந்து நின்றிருந்தது, இருபது இருபத்தைந்து பேர். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு போட்டோக்காரர் காமிராவைத் திருகினார்.

"அந்தக் கடைசியில படுத்திருக்கிறது தெரியுதாடா?" என்று யாரோ சொல்ல, யாரோ சிரித்தார்கள். நான் திரும்பி முறைத்தேன். காமிராவை ஆட்டிவிடப் போகிறார்களே என்றுதான் முறைத்தேன்.

முதல் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது வார்டுக்குள் அந்தக் கடைசிக் கட்டில்காரி எழுந்தாள். முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, வெளிச்சம் முழுவதையும் குறுக்கே கடந்து, பின்வாசலைப் பார்த்துப் போனாள். எண்பதடியையும் நடந்து கடந்தாள். நடுவில் இரண்டு தடவை நின்று தூணைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

"படம் போச்சு. அசைஞ்சிட்டாங்க" என்றார் போட்டோக்காரர்.

"சே! சொன்னேனே" என்றேன் நான்.

அடுத்த படம் நன்றாக வந்தது. அதுதான் பத்திரிகையில் முழுப் பக்கத்துக்கு வந்த படம். போட்டோக்காரர் திருச்சியில் ரயில் பிடிக்கவேண்டும் என்று உடனே காரில் கிளம்பிவிட்டார்.

கார் போய்க் கால் மணி நேரம் இருக்கும். சொர்ணவல்லி முழங்கை வரைக்கும் ஈரக் கையோடு பிரசவ அறையிலிருந்து வெளியே வந்தார். பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்திருந்தது. சிரித்துக்கொண்டே வந்தவர் வெறும் கண்ணாடியைப் பார்த்தார், சுருட்டிக் கிடந்த சேலைகளைப் பார்த்தார், கடைசிக் கட்டிலைப் பார்த்தார். அடுத்த கட்டில்காரியிடம் குனிந்து ஏதோ கேட்டார். கேட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினார். வேலியோரம் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. பானையில் சோறு பாதி வெந்திருந்தது. வண்டி இல்லை.

திரும்பி வந்தவர் என்னைத் திட்டவில்லை. "பஸ் ஸ்டாண்டுல போயி ஒரு டாக்சி கூட்டிட்டு வாங்க சார். ஓடுங்க" என்றார், அவ்வளவுதான். ஓடினேன். டாக்சி கிடைத்து வருவதற்கு முக்கால் மணி நேரமாகிவிட்டது. சொர்ணவல்லி பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினார். பின்னால் இன்னாசி ஏறினார். டாக்சியில் இன்னும் இடம் இருந்தது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னாசி என்னைப் பார்த்தார். நான் ஏறவில்லை. விடுதியில் யாராவது இருக்கவேண்டாமா என்று ஏதோ சொன்னேன். பிறகு விடுதியிலும் இருக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டேன்.

காலையில் சொர்ணவல்லி விடுதி வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். நேற்றுக் கட்டியிருந்த அதே வெள்ளைச் சேலை, ஓரமெல்லாம் செம்மண். நான் சைக்கிளைச் சாத்தி வைத்துவிட்டு எதிரே போய் நின்றேன்.

"நாங்க போறதுக்குள்ள வண்டியிலயே வந்திருச்சு சார். காலு ரெண்டும் வெளிய வந்து தலை சிக்கிக்கிச்சு. ஆம்பளைப் புள்ளை. அவளை மட்டும்தான் காப்பாத்த முடிஞ்சது."

நான் ஏதாவது சொல்லவேண்டும் என்று, "அவ ஏன் எந்திரிச்சுப் போனா? நான் படுத்துக்கத்தானே சொன்னேன்" என்றேன்.

"தண்ணியத் தொடைக்கச் சொன்னீங்களாமே."

"பானைத் தண்ணி கொட்டிக் கெடந்துச்சு. அதை..."

"பானைத் தண்ணி இல்லை சார் அது. பனிக்குடம் ஒடைஞ்ச தண்ணி. அந்த நேரத்துல அவ அசையாமப் படுத்திருக்கணும். என்னைக் கூப்பிட்டிருக்கணும். நீங்க அதட்டுனதும் அவளுக்குப் பேச்சு வரலை. ஓர் ஆம்பளை முன்னாடி அப்படி ஆகிப்போச்சேன்னு உயிரே போயிருச்சாம். அதுக்கு மேல, ரோடு பூரா ஆளுக. செத்தாலும் வீட்டுலயே சாவுறேன்னு கெளம்பிட்டா."

சொர்ணவல்லி எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றைக்கு நானே சுண்ணாம்பு கரைத்து, நானே பிரஷ் பிடித்து, ஆள் உயரத்துக்குக் கண்ணாடி முழுக்க வெள்ளை அடித்தேன். சொர்ணவல்லி சொன்னது சரிதான். ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை. டீக்கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆறாம் நாள் மூக்காயியைப் பார்க்கச் சொர்ணவல்லி கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். இரண்டு சைக்கிளில் போனோம். வழி நெடுக நான் சொல்லப்போவதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சேலையை அவிழ்த்தது நான், விளக்கைப் போட்டது நான், உன்னைத் துடைக்கச் சொன்னது நான், உன் பிள்ளை செத்ததற்குக் காரணம் நான். இவ்வளவுதான். நாலே வாக்கியம். காலில் விழச் சொன்னாலும் விழுவது என்று முடிவு செய்திருந்தேன்.

மண் சுவர் வீடு. வாசலில் ஒரு வேப்பங்கன்று. ராக்கன் எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்து தோள் துண்டை இடுப்பில் கட்டினார்.

"வாங்கய்யா, வாங்கம்மா. இம்புட்டு வெயில்ல வந்திருக்கீகளே!" கயிற்றுக் கட்டிலைத் தூக்கி நிழலில் போட்டார். செம்பில் மோர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடங்கியிருப்பேன். இல்லை. புதுக்கோட்டையிலிருந்து பெரிய மனிதர் ஒருவர் தன் வாசலுக்கு வந்துவிட்டாரே என்கிற பரபரப்புத்தான் இருந்தது.

சொர்ணவல்லி உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் கதவோரம் வந்து, "நான் சொன்னேன், நீங்க வந்திருக்கீங்கன்னு. அவ வெளிய வரமாட்டா சார்" என்றார்.

ராக்கன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்கய்யா. ஒங்க மேல கோவம் ஒண்ணுமில்ல. அன்னைக்கு நீங்க அவளப் பாத்துட்டீகல்ல, அந்த வெக்கம். ஒங்க மொகத்துல முழிக்கமாட்டேங்குறா."

மோர்ச் செம்பைக் கீழே வைத்தேன். கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். உள்ளே இருட்டு. ஒன்றும் தெரியவில்லை. யாரோ புரண்டு படுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"மூக்காயி... நான் ஆத்மநாதன். அந்தக் கட்டடத்தைக் கட்டுனவன்" என்றேன். மீதியைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவள் பேசினாள். அவள் குரலை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன். மெல்லிய குரல், அழுது அழுது கம்மியிருந்தது.

"ஐயா, அந்தத் தரை என்னாச்சுங்க? நான் நல்லாத் தொடைக்காம வந்துட்டேன். கறை கிறை நின்னுபோச்சா?"

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த நாலு வாக்கியமும் என்னை விட்டுப் போய்விட்டன. சொர்ணவல்லி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ராக்கனும் பதிலுக்குக் காத்திருந்தார்.

"இல்லம்மா. ஒண்ணும் ஆகலை. நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"அப்பச் சரிங்கய்யா" என்றாள் மூக்காயி. உள்ளே அவள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. ஆறு நாளாக அதையும் மனதில் போட்டு வைத்திருந்திருக்கிறாள். பிள்ளையைப் பறிகொடுத்துக் கிடந்தவளிடம், கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்தவன் நான்.